ட்ரெயிலர் ஆடினால் காஸை மிதிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோடை விடுமுறைப் பக்கத்தில், குடும்பத்தோடு படுத்துச் சமைத்துத் தங்கும் ட்ரெயிலர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒன்ராறியோவின் அல்கொன்குயின், கில்பெயர் பூங்காக்கள் பக்கம் போய்வருவது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எங்கள் சனம் மொட்டலையும் கூடாரத்தையும் விட்டுவிட்டு இப்படிக் கிளம்பத் தொடங்கியிருப்பது சந்தோசமான விஷயம். எங்கே தங்கலாம், இடத்தை ஐந்து மாதத்துக்கு முன்பே பதிய வேண்டும் என்பதையெல்லாம் எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதில் இரண்டு வரிகள் என்னை உறுத்தின. ஹிட்ச் (ட்ரெயிலரைக் கொழுவும் கொக்கி) பூட்டிய எஸ்யூவி எதுவென்றாலும் ஒரு ட்ரெயிலரை இழுத்துவிடும் என்பது ஒன்று. ட்ரெயிலர் ஆடினால் கொஞ்சம் காஸை, அதாவது அக்ஸிலறேற்றரைக் கூட்டினால் நேராகிவிடும் என்பது மற்றது. முதலாவது அரைகுறை. இரண்டாவது ஆளைக் கொல்லும். கடிதம் நீளமாகத்தான் வரப்போகிறது, இடமில்லை என்றால் மற்றதையெல்லாம் வெட்டுங்கள், அந்த இரண்டாவது வரிக்குத் திருத்தம் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால் காஸிலிருந்து காலை எடுங்கள். வாகனத்தின் பிறேக்கை மிதிக்காதீர்கள். ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், அது இடப்பக்கம் போனால் வலப்பக்கம் வெட்டி, வலப்பக்கம் போனால் இடப்பக்கம் வெட்டித் திருத்தப் பார்க்காதீர்கள், ஏனென்றால் எங்கள் கை எப்போதும் ஆட்டத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போகும், அந்தப் பிந்தலே அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கிவிடும். ட்ரெயிலருக்கு மின்சார பிறேக் இருந்தால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பிறேக் கொன்ட்ரோலர் என்பார்கள். அதில் கையால் தள்ளும் அல்லது அமத்தும் ஒரு நெம்பு உண்டு. அதை மெதுவாக அழுத்தினால் வாகனத்தின் பிறேக் பிடிக்காது, ட்ரெயிலரின் சில்லுகள் மட்டும் பிடிக்கும். பின்னால் பிடித்து இழுக்கும்போது ட்ரெயிலர் தானாக நேர்கோட்டுக்கு வரும். வேகம் நன்றாகக் குறைந்து ஆட்டம் அடங்கிய பிறகு ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, எதனால் ஆடியது என்று பாருங்கள்.

காஸை மிதிக்கச் சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வாகனம் முன்னால் இழுக்கும்போது ஹிட்சில் இழுவை கூடி, ஒரு கணம் ட்ரெயிலர் நேராவது உண்மைதான். ஆனால் எவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டே போவீர்கள்? ஒவ்வொரு ட்ரெயிலருக்கும், அதில் ஏற்றிய பாரத்தைப் பொறுத்து ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு மூன்று தரம் ஆடித் தானாக அடங்கும், அதற்கு மேலே போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். ஆடத் தொடங்கிய ட்ரெயிலர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்போது காஸை மிதிப்பது அதை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகும் வேலை, காலை எடுத்த அடுத்த நொடி அது முன்னையதைவிட மோசமாகத் திரும்பிவரும். வாகன பிறேக்கை ஏன் மிதிக்கக்கூடாது என்பதும் இதைப் போலத்தான். நாங்கள் பிறேக் போட்டால் எடை முன்சில்லுக்குப் போய்ப் பின்சில்லின் பிடி குறையும், அதே நேரம் இரண்டு தொன்னுக்கு மேலான பெட்டி பின்னாலிருந்து சரிவாகத் தள்ளும். வாகனம் சுழன்று ட்ரெயிலரோடு மடிந்துபோவது இப்படித்தான்.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது, அது கட்டுரையில் வரவே இல்லை. எங்கள் ஆட்களின் எஸ்யூவிகளில் பாதிக்கு மேல் பின்னால் இருப்பது நாலு முனை பிளக். அது லைற்றுக்கு மட்டும்தான். ட்ரெயிலரின் மின்சார பிறேக்குக்கு ஏழு முனை பிளக்கும் உள்ளே கொன்ட்ரோலரும் வேண்டும். அது இல்லாமல் ஒரு மாற்று முனையைச் செருகிக் கொண்டு போனால் சிக்னல் எரியும், பிறேக் லைற் எரியும், எல்லாம் சரி என்றுதான் தோன்றும், ஆனால் ட்ரெயிலரின் பிறேக் செத்த பிறேக். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்கு பிறேக் கட்டாயம், நாங்கள் வாடகைக்கு எடுக்கும் படுக்கை, குசினி, குளியலறை உள்ள ட்ரெயிலர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த எடையைத் தாண்டியவை. வெறும் பார்க்கிங் லொட் ஒன்றில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய் அந்த நெம்பை அழுத்திப் பாருங்கள், ட்ரெயிலர் பின்னால் பிடிப்பது தெரிய வேண்டும், சில்லு இறுகிச் சறுக்கக்கூடாது. சறுக்கினால் அளவைக் குறைத்து வையுங்கள். கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல் கை அந்த நெம்புக்குப் போகிறதா என்பதையும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் ஆடுகிறது? பெரும்பாலும் பாரம் ஏற்றிய விதத்தால்தான். காற்று, ரக், பள்ளம் எல்லாம் ஆட்டத்தைத் தொடக்கிவிடுபவை மட்டுமே. ஊரில் மாட்டு வண்டிலில் நெல் ஏற்றியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை: முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து முறியும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும், அதனால் ஏற்றுகிறவர் ஒவ்வொரு மூட்டைக்கும் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே ஏற்றுவார். ட்ரெயிலரும் நடுவில் அச்சு வைத்த வண்டில்தான். அதன் மூக்கு ஹிட்சின் குண்டில் எவ்வளவு எடையோடு அமர்ந்திருக்கிறது என்பதுதான் அதன் முன்பாரம். இங்கே வட அமெரிக்காவில் ஓடும் ட்ரெயிலர்களுக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். மொத்த எடை என்றால் சாப்பாடு, தண்ணீர், காஸ் சிலிண்டர், நாற்காலி எல்லாம் ஏற்றிய பிறகு உள்ள எடை, விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வெறும் எடை இல்லை. முன்பாரம் குறையக் குறைய நான் மேலே சொன்ன அந்த எல்லை வேகம் கீழே இறங்கிக்கொண்டே வரும். 12 வீதத்தில் 110 கிலோமீற்றர் வேகத்திலும் சும்மா வரும் ட்ரெயிலர், 6 வீதத்தில் 85 இலேயே ஆடலாம்.

நாங்கள் ஏற்றும் விதத்தைப் பாருங்கள். இருபது இறாத்தல் அரிசி, பெரிய சட்டி, கூலர் நிறைய மீனும் இறைச்சியும், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், கரி, பிள்ளைகளின் சைக்கிள்கள். ட்ரெயிலரின் பின்பக்கத்தில் குசினி இருந்தால் எல்லாம் அங்கேதான் போகும், சைக்கிள்கள் பின் பம்பரில் தொங்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். ட்ரெயிலர் 2,500 கிலோ, முன்பாரம் 275 கிலோ, அதாவது 11 வீதம், பிழை சொல்ல முடியாது. அச்சிலிருந்து ஹிட்ச் நாலரை மீற்றர் முன்னால், பின் பம்பர் மூன்றரை மீற்றர் பின்னால் என்று வையுங்கள். அந்தப் பின் பம்பரில் தாங்கியும் நாலு சைக்கிளுமாக 80 கிலோ தொங்கவிட்டால், நெம்புகோல் கணக்கில் முன்பாரத்திலிருந்து 62 கிலோ போய்விடும். இப்போது ட்ரெயிலர் 2,580 கிலோ, முன்பாரம் 213. எட்டு வீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நாலு சைக்கிள் நல்ல ட்ரெயிலரை வாலாட்டும் ட்ரெயிலராக மாற்றப் போதும். அந்தப் பின் பம்பர் பல ட்ரெயிலர்களில் கழிவுக் குழாய் வைப்பதற்கான மெல்லிய இரும்புப் பெட்டி மட்டும்தான், சைக்கிள் தொங்கவிட வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருப்பார்கள் என்பது வேறு கதை. சைக்கிளை வாகனத்தின் கூரையில் போடுங்கள், அல்லது ட்ரெயிலருக்குள் அச்சுக்கு மேலே படுக்க வையுங்கள்.

அப்படியென்றால் பின்னால் இருப்பதற்கு ஈடாக முன்பக்கத்திலும் பாரம் ஏற்றிச் சரிக்கட்டலாமே என்று ஒருவர் கேட்டார். வீதம் சரியாக வரும், ஆனாலும் அது நல்லதல்ல. இரண்டு அந்தத்திலும் பாரம் இருக்கும் ட்ரெயிலரைத் திருப்புவதும் கஷ்டம், திரும்பத் தொடங்கியதை நிறுத்துவதும் கஷ்டம், ஆடத் தொடங்கினால் கனநேரம் ஆடும். பாரமானது எல்லாம் நடுவில், அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், நிலத்தில், அசையாமல் கட்டியிருக்க வேண்டும். மேல் அலுமாரிகளில் பாண், சீரியல், துவாய் போன்ற இலேசானதை வையுங்கள்.

தண்ணீரைத்தான் எல்லாரும் மறப்பது. ஒரு லீற்றர் ஒரு கிலோ. நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லீற்றர் பிடிக்கும் என்றால் 150 கிலோ, அந்தத் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது மொடலுக்கு மொடல் மாறும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். கழிவுத் தொட்டிகளும் அப்படியே. "போகும்போது சும்மா பூப்போல வந்தது, திரும்பி வரும்போதுதான் ஆட்டம்" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பூங்காவை விட்டு வெளிக்கிடும்போது கழிவுத் தொட்டியை வெறுமையாக்கினீர்களா என்பதைத்தான். வரிசை நீளம் என்று விட்டுவிட்டு வந்திருப்பார்கள். போகும்போது அச்சுக்கு முன்னால் இருந்த தண்ணீர், வரும்போது அச்சுக்குப் பின்னால் கழிவாக இருக்கும்.

இதையெல்லாம் ஊகிக்கத் தேவையில்லை, நிறுத்துப் பார்க்கலாம். 401 நெடுஞ்சாலை ஓரமாக உள்ள பெரிய ரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற தராசுகள் இருக்கின்றன, ரக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், யாரும் போகலாம். வாகனத்தை மட்டும் ஒரு தரம், குடும்பத்தோடு. பிறகு ட்ரெயிலரைக் கொழுவி, எடையைப் பகிரும் ஹிட்சின் ஸ்பிறிங் கம்பிகள் இருந்தால் (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) அவற்றைத் தளர்த்தி விட்டு ஒரு தரம். முன்சில்லு, பின்சில்லு, ட்ரெயிலர் அச்சு என்று மூன்று எடை தாளில் வரும். கொழுவிய பிறகு வாகனத்தின் இரண்டு அச்சிலும் கூடியிருக்கும் எடைதான் முன்பாரம். அதை ட்ரெயிலரின் மொத்த எடையால், அதாவது ட்ரெயிலர் அச்சு எடையும் முன்பாரமும் சேர்ந்ததால், பிரித்தால் வீதம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஹிட்ச் கடையில் நின்று இரண்டு மணித்தியாலம் கதைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி அந்த முதலாவது வரி, எந்த எஸ்யூவியும் இழுக்கும் என்பது. எங்கள் வீட்டு வாசல்களில் நிற்கும் மூன்று வரிசை எஸ்யூவிகளில் பலவற்றுக்கு இழுவை எல்லை 5,000 இறாத்தல், அதாவது 2,268 கிலோ. ஹிட்சில் வைக்கக்கூடிய முன்பாரம் பொதுவாக அதில் பத்தில் ஒன்று, 227 கிலோ. சிறிய எஸ்யூவிகளுக்கு 3,500 இறாத்தல், அதற்கும் கீழே. விளம்பரத்தில் "வெறும் எடை 2,000 கிலோ" என்று இருக்கும் ட்ரெயிலரைப் பார்த்துவிட்டு, எனக்கு 2,268 வரை இருக்கிறதே என்று எடுப்பார்கள். பற்றரி, காஸ், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறியபின் அது 2,500 ஆகியிருக்கும். அதை விடுங்கள், அந்த இழுவை எல்லையையே எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? எஸ்ஏஈ ஜே2807 என்ற பரிசோதனை முறையில் வாகனத்துக்குள் ஓட்டுநரும் ஒரேயொரு பயணியும், ஆளுக்கு 150 இறாத்தல். அம்மா, அப்பா, மாமி, மூன்று பிள்ளைகள், பின்னால் பயணப் பெட்டிகள் என்று அந்தப் பரிசோதனையில் ஒருவரும் ஏறுவதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று. 600 கிலோ என்று இருந்தால், முன்பாரம் 275 உம் அதற்குள்தான் அடங்க வேண்டும். மிச்சம் 325. ஆறு பேர் ஏறினாலே முடிந்துவிடும். இழுவை எண்ணைப் பார்த்து ட்ரெயிலர் எடுப்பவர்கள் முதலில் தாண்டுவது இந்த எல்லையைத்தான்.

இடம் போதவில்லை என்பதற்காக மாமியை ட்ரெயிலருக்குள் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு: ஒன்ராறியோவில் அது சட்டப்படி குற்றம். ஓடும்போது ட்ரெயிலருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. சாதாரண ஜி அனுமதிப் பத்திரத்தோடு 4,600 கிலோ வரையுள்ள ட்ரெயிலரை இழுக்கலாம் என்று சட்டம் விடுவது உண்மை, ஆனால் அது உங்கள் வாகனத்துக்கு முடியுமா என்று சட்டம் பார்ப்பதில்லை.

ஹிட்ச் கடைக்காரர்கள் விற்கும் சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரம் பின்னால் அமர்ந்து வாகனத்தின் மூக்கு மேலே தூக்கினால் முன்சில்லின் பிடி குறையும், ஸ்ரியறிங் இலேசாகிவிடும், இரவில் எதிரே வருபவர் உங்கள் லைற்றுக்கு ஏசுவார். அதற்கு, எடையைப் பகிரும் ஹிட்ச் என்று ஸ்பிறிங் கம்பிகள் உள்ளது வருகிறது, அது பின்சில்லில் ஏறிய எடையில் ஒரு பகுதியை முன்சில்லுக்கும் ட்ரெயிலர் அச்சுக்கும் அனுப்பும். நல்ல சாமான்தான். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க, கொழுவுவதற்கு முன் முன்சில்லுக்கு மேலே மட்காட்டின் உயரத்தை அளந்து வைத்து, கொழுவிய பிறகும் அளந்து பார்க்க வேண்டும், எவ்வளவு திரும்பி இறங்க வேண்டும் என்பது வாகனக் கையேட்டில் இருக்கும். சில எஸ்யூவிகளின் கையேட்டில் இந்த ஹிட்சைப் பூட்டவே வேண்டாம் என்று இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுக் கம்பி என்று இன்னொன்று தனியாக விற்கிறார்கள். பின்பாரமான ட்ரெயிலருக்கு அதைப் பூட்டினால் குறை மறைந்திருக்கும், ஒரு பலத்த காற்று வரும்வரை. தனிக் கம்பியாக வரும் அந்த வகையை ரிவேஸ் எடுக்கும்போதும் வழுக்கும் வீதியிலும் கழற்றிவிடச் சொல்வார்கள், வாடகைக்குக் கொடுப்பவர் அதைச் சொல்லித் தருவதை நான் கண்டதில்லை. வாகனத்துக்குள்ளேயே ட்ரெயிலர் ஆட்டத்தைக் கண்டுபிடித்துத் தனித்தனிச் சில்லுகளுக்கு பிறேக் போடும் வசதி இப்போது பலவற்றில் இருக்கிறது. கனடாவில் 2011 செப்டெம்பருக்குப் பிறகு தயாரான கார்களில், வாகனம் சறுக்கிச் சுழலாமல் காக்கும் ஸ்திரக் கட்டுப்பாடு கட்டாயம்தான், ஆனால் இந்த ட்ரெயிலர் பகுதி அதில் தானாக அடங்காது, உங்கள் வாகனத்தில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தாலும் அது ஆட்டம் தொடங்கிய பிறகு வருகிற உதவி.

கொழுவி முடித்ததும் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ட்ரெயிலர் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு துளி தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றால் குண்டு பூட்டிய கம்பியை மாற்றி உயரத்தைக் குறைக்காமல் வெளிக்கிடாதீர்கள்.

ரயர் பற்றிச் சுருக்கமாக: ட்ரெயிலர் ரயரின் பக்கத்தில் எஸ்ரி என்று இருக்கும், குளிர்ந்திருக்கும்போது அதில் எழுதியிருக்கும் முழு அழுத்தத்துக்கும் காற்று அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் நெளியும், அதுவும் ஆட்டம்தான். ரயரின் பக்கத்தில் உள்ள டொட் (DOT) குறியின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். ட்ரெயிலர் ரயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று பழுதாவதுதான் அதிகம், ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்டதை, பூ (மேல் வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

வேகத்துக்கு வருவோம். 404, 402 போன்ற நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில் 2022 முதல் 110 என்று பலகை போட்டிருக்கிறார்கள், ஒன்ராறியோவில் ட்ரெயிலருக்கென்று தனியான குறைந்த எல்லையும் கிடையாது. அதனால் 110 இல் இழுக்கலாம் என்று அர்த்தமா? வேகம் 90 இலிருந்து 110 ஆனால் ஓட்டத்தில் உள்ள சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எஸ்ரி ரயர்களில் வேறு வேகக் குறி இல்லாதவற்றுக்கு எல்லை 65 மைல், அதாவது 105 கிலோமீற்றர். யூஹோல் என்ற வாடகை நிறுவனம் தன் ட்ரெயிலர்களில் 55 மைல் என்று ஒட்டியே அனுப்புகிறது. கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் சட்டமே 55 மைல், ஜேர்மனியில் விசேட அனுமதி இல்லாவிட்டால் 80 கிலோமீற்றர். இவர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் இல்லை. வலப்பக்க லேனில் 90, 95 இல் போங்கள். ரொறன்ரோவிலிருந்து கில்பெயருக்கு அரை மணித்தியாலம் பிந்தலாம், பிந்தட்டும்.

அப்படிப் போகும்போது ரக்குகள் உங்களைக் கடக்கும். ஒன்ராறியோவில் பாரமான ரக்குகளின் வேகம் 105 க்கு மேல் போகாமல் பூட்டியிருப்பதால், 95 இல் போகிற உங்களை அது மெதுவாகத்தான் கடந்து முடிக்கும். முதலில் அதன் மூக்குத் தள்ளும் காற்று உங்கள் ட்ரெயிலரின் பின்பக்கத்தை வலப்பக்கமாகத் தள்ளும், பிறகு அதன் உடல் பக்கத்தில் வரும்போது உள்ளே இழுக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் தள்ளும்போது இடப்பக்கம் வெட்டுவார்கள், அடுத்த நொடி இழுவையும் அதே பக்கம் சேர்ந்துகொள்ளும். கண்ணாடியில் ரக் வருவதைப் பார்த்ததும் லேனுக்குள்ளேயே கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, காஸை இலேசாகத் தளர்த்தி, ஸ்ரியறிங்கை அசையாமல் பிடித்திருந்தால் அது போய்விடும். அவரைப் போகவிடாமல் நீங்களும் வேகத்தைக் கூட்டுவது மடைத்தனம்.

காற்று இன்னொன்று. ஒன்ராறியோவின் லண்டனிலிருந்து வின்சர் வரையான 401 வெட்டவெளி, சற்றம் பக்கத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, அழகுக்காக அங்கே கொண்டுபோய் நட்டதில்லை. பலத்த காற்று எச்சரிக்கை உள்ள நாளில் புறப்படுவதை அடுத்த நாளுக்குத் தள்ளினால் ஒன்றும் குறையாது. இறக்கமும் அப்படி. சூ செயின்ற் மரிக்கு வடக்கே 17ஆம் நெடுஞ்சாலையில் மொன்றியல் றிவர் இறக்கம் போன்ற இடங்களில் ட்ரெயிலர் பின்னாலிருந்து தள்ளும், ஹிட்சில் இழுவை போய் ஆட்டத்துக்கு வழி வரும். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்து, பாரம் இழுக்கும்போது போடும் ரோ-ஹோல் பொத்தான் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி இறக்கத்தில் யோசித்தால் பிறேக் மட்டும்தான் மிச்சம்.

லண்டன் மச்சானிடம், இது ஒன்ராறியோ லண்டன் இல்லை, இங்கிலாந்து லண்டன், கேட்டால் முன்பாரம் 5 முதல் 7 வீதம் போதும், கனடாக்காரர் பெருப்பித்துச் சொல்கிறார்கள் என்பார். அவர் சொல்வது அங்கே சரி. அங்கே கேரவன்கள் இலேசானவை, அச்சு நடுவுக்குக் கிட்ட இருக்கும், இழுத்துக்கொண்டு மோட்டர்வேயில் 60 மைலுக்கு மேல் போகச் சட்டம் விடாது. அந்த எண்ணை மட்டும் யூரியூபில் எடுத்துவந்து இங்கத்தைய 25 அடி ட்ரெயிலருக்குப் போடாதீர்கள்.

கடைசியாக, வாடகைக்குக் கொடுப்பவர்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் ட்ரெயிலர் எடுக்கப் போனபோது முன்பாரம் எவ்வளவு என்று கேட்டேன். "அண்ணை, எத்தினை பேர் கொண்டு போட்டினம், ஒருத்தரும் உப்பிடிக் கேக்கேல்லை, நீங்கள் பயப்பிடாமல் கொண்டு போங்கோ" என்றார். ரயர் எந்த ஆண்டு என்று அவருக்கும் தெரியாது, குனிந்து பார்த்தால் ஒன்பது வருடப் பழசு. ட்ரெயிலர் கழன்றால் தானாக பிறேக் பிடிக்கச் செய்யும் அந்த மெல்லிய கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலேயே கொழுவி வைத்திருந்தார், சங்கிலி அறுந்தால் கம்பியும் சேர்ந்து போய்விடும், அதை வாகனத்தில் தனியாக மாட்ட வேண்டும் என்பதைக்கூட யாரும் அவருக்குச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. குசினி அடுப்பு எப்படி மூட்டுவது, தொலைக்காட்சி எப்படிப் போடுவது என்று அரை மணித்தியாலம் விளக்கினார். கெட்ட மனிதர் இல்லை, கேட்பவர்கள் இல்லாததால் அவர் பார்க்கவில்லை. நான் அதை எடுக்கவில்லை.

உங்கள் பத்திரிகையிலேயே இப்படியான வாடகை விளம்பரங்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. படுக்கை எத்தனை, ஏசி இருக்கிறதா என்பதோடு, சாமான் ஏற்றியபின் தராசில் நிறுத்த எடை, முன்பாரம், எத்தனை முனை பிளக், ரயரின் ஆண்டு ஆகிய நான்கையும் விளம்பரத்தில் போடும்படி அவர்களிடம் கேளுங்கள். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. போட மறுக்கிறவரிடம் எடுப்பதா என்று வாசகர்கள் யோசித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகன்